பார்க் குவெல் பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்கு, 116ஆம் நம்பர் பஸ்ல உங்க இடத்துல உக்காந்துட்டு வந்தவ எழுதுறது

ஸ்பெயின்ல பார்சிலோனா நகரத்துல, பார்க் குவெல்ங்கிற பூங்காவைச் சுத்தி இருக்கிற லா சலூத், கார்மெல், வல்கார்கா பக்கம் குடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் கொடைக்கானல், நாயுடுபுரம். பொறந்தது, படிச்சது, கல்யாணம் ஆனது, ரெண்டு புள்ளை பெத்தது எல்லாமே இந்த மலைலதான். என் தம்பி உங்க பார்சிலோனால வேலை பாக்குறான், ஒரு தடவையாவது வந்து பாருக்கான்னு மூணு வருஷமா கூப்ட்டுட்டே இருந்தான், போன மே மாசம்தான் என் மகளை கூட்டிக்கிட்டு கிளம்ப முடிஞ்சது. வெளிநாடு போறது எனக்கு அதுதான் முதல் தடவை. இந்த மடலை தம்பி உங்க கத்தலான் மொழில மாத்தி தர்றேன்னு சொல்லிருக்கான், உங்க பகுதி ஆளுங்க யார்கிட்டயாவது சேத்துடுறேன்னும் சொன்னான். ஆனா எங்க ஆளுங்களும் படிக்கணும்னு முதல்ல தமிழ்லயே எழுதிடுறேன், ஏன்னா அடுத்த லீவுக்கு டிக்கெட் போட்டு வச்சிருக்கிறவங்க எங்க பக்கமும் நிறைய பேர் இருக்காங்க.

முதல்ல மன்னிப்பு கேட்டுடுறேன். எதுக்குன்னு சொல்லணும்ல.

அன்னைக்கு தம்பிக்கு லீவு இல்ல. நானும் என் மகளும் மட்டும்தான் கிளம்பினோம், பார்க்குக்கு காலைல பத்தரை மணிக்கு டிக்கெட். ஊர்லருந்து கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டிராவல் வீடியோ பாத்து வச்சிருந்தேன், அதுல ஒருத்தர் ரகசியம் சொல்ற மாதிரி சொன்னாரு, லெசெப்ஸ் மெட்ரோகிட்ட 116னு ஒரு குட்டி பஸ் வரும், கூகுள் மேப்புல காட்டாது, ஏறுனா பார்க் பக்கத்துலயே இறக்கி விட்டுடும், ஏத்தம் ஏற வேணாம்னு. எனக்கு முட்டி வலி வேற. மேப்புல ஏன் காட்டாதுன்னு அவரும் சொல்லல, நானும் யோசிக்கல. ஏறிட்டோம். நம்ம ஊர் மினி பஸ்ஸை விட சின்ன பஸ் அது. உள்ள பாத்தா முக்காவாசி எங்கள மாதிரி ஆளுங்கதான், கையில போன், தோள்ல பை, தொப்பி. ரெண்டாவது ஸ்டாப்லயோ மூணாவது ஸ்டாப்லயோ கதவு தொறந்துச்சு. வெளிய ஒரு பாட்டி நிக்கிறாங்க, எழுவத்தஞ்சு வயசாவது இருக்கும், கையில ரெண்டு சக்கரம் வச்ச துணி தள்ளுவண்டிப் பை, கட்டம் போட்ட துணி, அதுக்கு மேல வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரைக்கட்டு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. டிரைவர் திரும்பி உள்ள பாத்தாரு. கால் வைக்க இடம் இல்ல. நாங்க யாரும் எந்திரிக்கல, எந்திரிச்சாலும் அந்த பையோட அவங்க ஏறிருக்க முடியாது. பாட்டி திட்டல, முகம் கூட சுளிக்கல, நீ போப்பாங்கிற மாதிரி டிரைவருக்கு கையக் காட்டிட்டு பையத் திருப்பி ஏத்தத்துல இழுக்க ஆரம்பிச்சாங்க. பஸ் அவங்கள தாண்டிப் போச்சு. என் மக ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தா, "அம்மா அந்த பாட்டி நம்ம ஆச்சி மாதிரியே இருக்காங்கல்ல"ன்னா. நான் பதில் சொல்லல.

சாயங்காலம் தம்பிகிட்ட சொன்னப்பதான் அவன் விவரம் சொன்னான். அந்த பஸ்ல உள்ளூர்காரங்க ஏற முடியாம வருஷக்கணக்கா போராடி, 2024ல உங்க மாநகராட்சியே கூகுள்கிட்ட கேட்டு அந்த ரூட்டை மேப்புலருந்து எடுக்க வச்சாங்களாமே. வீட்டுக்குப் போற பஸ்ஸை மறைச்சு வச்சாதான் வீட்டுக்குப் போக முடியும்ங்கிற நிலைமை. அதையும் ஒரு வீடியோ கண்டுபிடிச்சு சொல்லிக் குடுத்துடுச்சு, நானும் கேட்டு ஏறிட்டேன். அந்த பாட்டி யாருன்னு எனக்கு தெரியாது, உங்கள்ல யாரோ ஒருத்தரோட அம்மாவா இருப்பாங்க. அவங்க கால்ல விழுந்து கேக்குறதா நெனச்சுக்கங்க.

இது ஏன் எனக்கு இவ்ளோ உறுத்துதுன்னா, நான் அந்தப் பக்கம் நின்னவ. எங்க ஊர்ல மே மாசம்னா சீசன். கீழ மதுரை, திண்டுக்கல்லெல்லாம் கொதிக்கும், எல்லாரும் மலைக்கு வந்துடுவாங்க. வெள்ளி அருவிலருந்து மூஞ்சிக்கல் வரைக்கும், மூஞ்சிக்கல்லருந்து ஏழு ரோடு வரைக்கும் வண்டி நகராது. நாலு வருஷம் முன்னாடி அப்படி ஒரு மே மாசத்துல ஞாயித்துக்கிழமை எங்க அப்பாக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்ல தூக்கிப் போட்டு கிளம்புனாரு, மத்த நாள்ல பத்து நிமிஷத்துல போற தூரம், அன்னைக்கு ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. முன்னாடி நின்ன கார்ல ஒரு குடும்பம் சன்ரூஃபைத் தொறந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க மேல என்ன தப்பு, அவங்களுக்கு பின்னாடி ஜீப்ல யார் படுத்திருக்காங்கன்னு தெரியுமா. ஆனா எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. அப்பா பொழச்சுட்டாரு, நல்லா இருக்காரு. அந்த கார்ல நின்ன பொண்ணோட மஞ்ச கலர் துப்பட்டா மட்டும் கண்ணுலயே நிக்குது. உங்க ஊர் பஸ் ஜன்னல்ல உக்காந்திருந்தப்ப அந்த மஞ்ச துப்பட்டாக்காரி நான்தான்னு தோணிடுச்சு.

சரி. பார்க்கைப் பத்தி சொல்லணும், சொல்லலைன்னா நன்றி கெட்டவளாயிடுவேன்.

படிக்கட்டுல அந்த பல்லி உருவத்தை, நீங்க டிராகன்னு சொல்றத, எல்லாரையும் மாதிரி நானும் போட்டோல பாத்துட்டு வந்தவதான். அதுகிட்ட நிக்கவே முடியல, அவ்ளோ கூட்டம், ஒரு கார்டு அக்கா நகருங்க நகருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 2007ல யாரோ அதை அடிச்சு உடைச்சு, அப்புறம் சரி பண்ணாங்கன்னு தெரிஞ்சப்ப அந்த அக்கா அதட்டுறது நியாயம்னு பட்டுச்சு. ஆனா என்னை நிறுத்துனது பல்லி இல்ல, அதுக்கு மேல இருக்கிற தூண் மண்டபம். 86 தூண். தூண் மண்டபம் எங்களுக்குப் புதுசு இல்ல, மதுரைல மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூண், சின்ன வயசுலருந்து அதுல ஓடி விளையாண்டவ நான். அதனால தூணப் பாத்து வாயப் பொளக்கல. ஆனா ஓரத்துத் தூணெல்லாம் நேரா நிக்காம உள்பக்கமா சாஞ்சு நிக்குதே, பாரத்துக்கு முட்டுக் குடுத்த மாதிரி, அதப் பாத்துட்டு நின்னுட்டேன். அண்ணாந்து பாத்தா மேல வட்ட வட்டமா பூ மாதிரி, சூரியன் மாதிரி, கிட்ட உத்துப் பாத்தா உடைஞ்ச தட்டு, பாட்டில் அடிப்பாகம், கப்போட துண்டு. இந்த இடத்தைக் கட்டுன கட்டிடக் கலைஞர் கௌடி, அவர்கூட வேலை பாத்த ஜுஜோல் செஞ்சதாம். மதுரைல மொட்டை மாடிக்கு வெயில் தாங்கட்டும்னு உடைஞ்ச டைல்ஸ் ஒட்டுவாங்க, அதே துண்டுதான், அங்க சூட்டுக்கு, இங்க கண்ணுக்கு.

இதுல என் மனசுல ஒட்டிக்கிட்டது தண்ணி. மண்டபத்துக்கு மேல இருக்கிற அந்தப் பெரிய திடல், சுத்தி 110 மீட்டர் நீளத்துக்கு பாம்பு மாதிரி வளைஞ்சு போற பெஞ்சு இருக்கே, அந்தத் திடலுக்கு சிமெண்ட் போடல, கல்லு பாவல, வெறும் மண்ணு. முதல்ல ஏன் இப்படி புழுதியா விட்டுருக்காங்கன்னுதான் நெனச்சேன். பெய்யிற மழை அந்த மண்ணுல எறங்கி, அடியில இருக்கிற கல்லு அடுக்குல வடிஞ்சு, தூணுக்கு உள்ள போற குழாய் வழியா கீழ போயி, 1,200 கன மீட்டர் தொட்டில நிறையுமாம், அதாவது 12 லட்சம் லிட்டர். தொட்டி நெறஞ்சு வழியிற தண்ணி பல்லி வாய் வழியா வெளிய வரும். எங்க மாநிலத்துல 2003ல எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்பு வைக்கணும்னு கட்டாயம் பண்ணாங்க, எங்க வீட்டுலயும் ஓரமா ஒரு பைப்பும் குழியும் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷன் அந்தப் பைப்பை தூணுக்குள்ள ஒளிச்சு வச்சு, தொட்டிக்கு மேல மண்டபம் கட்டி, மண்டபத்துக்கு மேல திடல் போட்டு, வழியிற தண்ணிக்கு ஒரு பல்லிய உக்கார வச்சிருக்காரு. அந்தத் தொட்டி யாருக்காகன்னு யோசிச்சுப் பாருங்க. எங்களுக்கா? அங்க குடியிருக்கப் போற ஜனங்களுக்கு. அந்த மண்டபமே அவங்களுக்கான சந்தைக்குத்தான். கீரையும் காய்கறியும் விக்க வேண்டிய இடம் அது.

அது பார்க்கே இல்லங்கிறத நான் வந்த பிறகுதான் புரிஞ்சுக்கிட்டேன். எயுசெபி குவெல்னு ஒரு ஆலை முதலாளி, மொட்டை மலைன்னு பேர் வச்சிருந்த அந்தக் கரட்டை வாங்கி, 1900ல கௌடியக் கூப்ட்டு, இங்கிலாந்துல தோட்டத்துக்கு நடுவுல வீடு கட்டுற மாதிரி இங்கயும் ஒரு குடியிருப்பு கட்டுவோம்னு ஆரம்பிச்சிருக்காரு. அதனாலதான் இங்கிலீஷ் மாதிரியே பார்க்னு பேரு. 60 மனை பிரிச்சாங்க. கௌடி மலைய வெட்டி சமன் பண்ணல, மேடு பள்ளம் எப்படி போகுதோ அப்படியே பாதையையும் வளைச்சு, அந்த எடத்துலயே கெடைச்ச கல்லுல மரம் மாதிரி சாஞ்ச தூண் வச்சு பாலம் கட்டிருக்காரு. கொடைக்கானல்ல இன்னைக்கு ரிசார்ட் கட்டுறவங்க பொக்லைன் வச்சு மலைய செங்குத்தா அறுக்கிறதப் பாத்துட்டே இருக்கிற எனக்கு அந்தக் கல்பாலத்துக்கு அடியில நின்னப்ப வயிறெரிஞ்சுது, இப்படியும் கட்டலாம்தானே.

ஆனா மனை விக்கல. ஊருக்கு வெளிய மலை மேல, போய்வர வண்டி வசதி இல்ல, வாங்குறவங்களுக்கு கட்டுப்பாடு வேற ஏகப்பட்டது, மனையில ஒரு சின்ன பங்குலதான் வீடு கட்டலாம்னு. கடைசில ரெண்டே வீடுதான் வந்துச்சு. ஒண்ணு த்ரியாஸ்ங்கிற வக்கீல் வீடு. இன்னொண்ணு ஆள் வந்து பாக்கட்டும்னு மாதிரிக்கு கட்டுன வீடு, அதையும் யாரும் வாங்காம 1906ல கௌடியே வாங்கி, வயசான அப்பாவையும் அண்ணன் மகளையோ அக்கா மகளையோ யாரோ ஒரு பொண்ணையும் கூட்டிக்கிட்டு குடிவந்து, 1925 வரைக்கும் அங்கயே இருந்திருக்காரு. 1914ல வேலைய நிறுத்திட்டாங்க, 1918ல குவெல் செத்துப் போனாரு, அவரும் அந்த வளாகத்துக்குள்ள முன்னாடியே இருந்த ஒரு பழைய வீட்டுலதான் செத்தாரு, அது இப்ப ஸ்கூலாம். வாரிசுங்க நகரத்துக்கு வித்து, 1926ல பொதுப் பூங்காவா தொறந்துருக்காங்க. 1984ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு.

வண்டி வசதி இல்லாததால அன்னைக்கு அங்க குடியேற ஆள் வரல. இன்னைக்கு வண்டி பூரா நாங்க உக்காந்திருக்கிறதால அங்க குடியிருக்கிறவங்க வீட்டுக்குப் போக முடியல. இத நெனச்சா எனக்கு தூக்கம் வரல, சும்மா பேச்சுக்கு சொல்லல, அன்னைக்கு ராத்திரி தம்பியோட குட்டி ரூம்ல படுத்துக்கிட்டு இதையேதான் யோசிச்சேன். அந்த ரூமுக்கு அவன் குடுக்கிற வாடகையக் கேட்டு எனக்கு நெஞ்சடைச்சுது. பத்து வருஷத்துல வாடகை எப்படி ஏறிப் போச்சுன்னு அவன் சொன்னான், டூரிஸ்ட்டுக்கு விடுற 10,101 ஃப்ளாட்டோட லைசன்ஸையும் 2028க்குள்ள நிறுத்தப் போறாங்கன்னும் சொன்னான். 2024 ஜூலைல டூரிஸ்ட் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி நீங்க ஊர்வலம் போனீங்க, அப்ப சில பேர் டூரிஸ்ட் மேல தண்ணித் துப்பாக்கி அடிச்ச வீடியோ எங்க ஊர் வரைக்கும் சுத்துச்சு. எங்க ஆளுங்க நிறைய பேர் திட்டுனாங்க, நம்ம காசு வேணும் நாம வேணாமான்னு. நான் அப்பவும் திட்டல, இப்ப சுத்தமா திட்ட மாட்டேன். ஒரு பாட்டி வீட்டுக்குப் போக முடியாம ஏத்தத்துல பையிழுக்கிற ஊர்ல தண்ணியப் பீச்சுனதோட விட்டாங்களேன்னுதான் தோணுது.

எண்ணிக்கைய கட்டுப்படுத்துறது சரிதான்னு நான் உறுதியா நெனக்கிறேன், எங்க ஊரு அனுபவத்துல சொல்றேன். 2024 மே மாசத்துலருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வர்ற வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம், சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி வந்தது. அடுத்த வருஷம் சீசனுக்கு கொடைக்கானலுக்கு வாரநாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு அளவும் வச்சாங்க. லாட்ஜ்காரங்க, கடைக்காரங்க எதிர்த்தாங்க, அவங்க கஷ்டமும் எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரே ஹோம்மேட் சாக்லேட் கடை வச்சிருக்காரு, டூரிஸ்ட் வந்தாதான் எங்க வீட்டுல அடுப்பு எரியும். அப்படி இருந்தும் சொல்றேன், அளவு வேணும். நீங்க 2013ல டிக்கெட் வச்சதும், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர்தான்னு வச்சதும் நல்லது. ஆனா விலைய மட்டும் ஏத்திக்கிட்டே போனா கூட்டம் குறையாது, காசில்லாதவன் மட்டும் குறைவான். உங்க பஸ் பிரச்சனைய டிக்கெட் விலை தீக்காது.

தம்பி சொல்லித்தான் தெரியும், காலைல ஏழு மணிலருந்து ஒன்பதரை வரைக்கும் எங்கள மாதிரி ஆளுங்களை உள்ள விடாம உங்களுக்குன்னு வச்சிருக்காங்களாமே. அதை மட்டும் எக்காரணத்துக்கும் விட்டுக் குடுத்துடாதீங்க. எங்க ஊர்ல ஏரிய சுத்தி நடக்கிறதுக்கு அப்பா காலைல அஞ்சரைக்கே போயிடுவாரு, அதுக்கப்புறம் அது எங்க ஏரி இல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவரு இன்னும் இந்த ஊர்ல இருக்கேம்பாரு.

நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, டிக்கெட் எடுக்கிற இடத்துலயே, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே, இங்க ஜனங்க குடியிருக்காங்க, சின்ன பஸ் அவங்களுக்கானது, வல்கார்கா பக்கம் தெருவுலயே எஸ்கலேட்டர் இருக்கு அதுல வாங்கன்னு எங்க மொழிங்கள்ல எல்லாம் எழுதி வைக்கச் சொல்லி உங்க மாநகராட்சிகிட்ட நீங்க கேட்டா, அந்த மனுல என் பேரையும் சேத்துக்கங்க. மேப்புலருந்து ஒளிச்சு வச்சா கண்டுபிடிச்சு பெருமையா சொல்ல ஒருத்தன் வருவான், முகத்துக்கு நேரா காரணத்தோட சொன்னா முக்காவாசிப் பேர் கேப்பாங்க. எனக்கு யாராவது ஒரு வரி சொல்லிருந்தா முட்டிவலியோட நடந்தே வந்திருப்பேன். திரும்பி வரும்போது அந்த எஸ்கலேட்டர்லதான் இறங்கினோம், ரெண்டு பக்கமும் பால்கனில துணி காயுது, ஒரு வீட்டுல குக்கர் சத்தம் மாதிரி ஏதோ கேட்டுச்சு, ஒரு சின்னப் பையன் ஜன்னல்லருந்து என் மகளுக்கு டாட்டா காட்டுனான். பஸ்ல வந்திருந்தா இது எதுவும் கெடைச்சிருக்காது.

இன்னொண்ணு எங்க ஆளுங்களுக்கு. பார்சிலோனா போறீங்கன்னா போயிட்டு வாங்க, அந்த மண்டபத்துல நின்னு அண்ணாந்து பாக்காம திரும்பாதீங்க. 116ல மட்டும் ஏறாதீங்க. அந்த வீடியோவ யாருக்கும் அனுப்பாதீங்க. நான் அனுப்புன மூணு பேருக்கும் போன் போட்டு சொல்லிட்டேன்.

நீங்க யாராவது எங்க ஊருக்கு வர்றதா இருந்தா மே மாசம் வேணாம், ஆகஸ்ட்ல வாங்க, மழையும் மூடுபனியுமா இருக்கும், ஏரில ஆள் இருக்க மாட்டாங்க. ஏழு ரோட்டுல இறங்கி போன் பண்ணுங்க, நான் வந்து நடந்தே வீட்டுக்கு கூட்டிட்டுப் போறேன். காலைல அஞ்சரைக்கு அப்பாகூட நீங்களும் ஏரிக்குப் போலாம்.

அந்தப் பாட்டியோட வீட்டுக்காரங்க இதப் படிச்சா, அவங்க அன்னைக்கு வீடு போய் சேர்ந்தாங்களான்னு மட்டும் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.

இப்படிக்கு,
கொடைக்கானல் நாயுடுபுரத்துலருந்து,
மே மாசம் உங்க பஸ்ல வந்தவ